ஷீட் வந்தது, மேக்ரோ வரவில்லை

சித்தூர், திருப்பதி ஆசிரியர்களின் வரிக் கணக்கு ஓர் இலவச எக்செல் ஷீட்டை நம்பி ஓடுகிறது. எழுதியவர் கம்ப்யூட்டரில் பட்டனை அழுத்தினால் பாரம் 16 வந்து விழுகிறது. பக்கத்து ஊர் கம்ப்யூட்டரில் வெறும் கேள்விக்குறிதான் வருகிறது.

சங்கராந்தி விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் சித்தூர்ப் பக்கத்து ஆசிரியர்கள் முதலில் தேடுவது பாடப் புத்தகத்தை அல்ல, பான் கார்டை. பிப்ரவரிச் சம்பள பில்லோடு ஆண்டு முழுமைக்குமான வருமான வரிக் கணக்கையும் கொடுத்தாக வேண்டும். பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, நடுவில் வந்த நிலுவைத் தொகைகள், சேமநிதி, இன்சூரன்ஸ், வீட்டுக் கடன் வட்டி என்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, பழைய வரி முறையில் எவ்வளவு, புதிய முறையில் எவ்வளவு என்று இரண்டு கணக்கு போட்டு, எது குறைவோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கையால் போட்டால் ஓர் ஆளுக்கு அரை நாள் ஆகும். முப்பது ஆசிரியர்கள் உள்ள உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியர் வேறு வேலை பார்க்க முடியாது.

இந்த அவஸ்தைக்கு ஆந்திராவில் ஒரு சொந்த வைத்தியம் உண்டு. பெயர், ஊழியர் எண், ஜனவரிச் சம்பளம், கடைசி ஊதிய உயர்வு எந்த மாதம் என்ற நாலைந்து விவரங்களை ஒரு பக்கத்தில் நிரப்பிவிட்டு ஒரு பட்டனைத் தட்டினால், ஆண்டுக் கணக்கு, இணைப்புப் படிவம், பாரம் 16 எல்லாம் அச்சுக்குத் தயாராக வந்து நிற்கும் எக்செல் ஷீட்கள். இவற்றை எழுதியது எந்த சாப்ட்வேர் கம்பெனியும் அல்ல. கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுக்கிற அரசுப் பள்ளி ஆசிரியர்களே ராத்திரி உட்கார்ந்து எழுதியவை. காசு கிடையாது. சங்கங்கள் மூலமாகவும் வாட்ஸ்ஆப் குழுக்கள் மூலமாகவும் மாநிலம் முழுக்கப் பரவுகின்றன. எழுதியவர் பெயர் ஷீட்டின் ஓரத்தில் சின்னதாக இருக்கும். வேலூரிலும் திருவள்ளூரிலும் இதே பழக்கம்தான், தமிழ்நாட்டு விதிகளோடு.

பட்டனுக்குப் பின்னால் இருந்து வேலை செய்வது மேக்ரோ. திரும்பத் திரும்பச் செய்கிற வேலையை ஒரு முறை எழுதி வைத்துவிட்டால் கம்ப்யூட்டர் தானாகவே அதைச் செய்யும். இது ஒன்றும் புதிய சரக்கல்ல. 1979இல் டான் பிரிக்லினும் பாப் பிராங்ஸ்டனும் விசிகால்க் என்ற முதல் கணக்குத் தாளைப் பர்சனல் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தார்கள். 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 விசைத் தட்டல்களையே மேக்ரோவாகச் சேமித்து வைத்தது. 1993இல் எக்செலின் ஐந்தாம் பதிப்போடு மைக்ரோசாப்ட் ஒரு முழு நிரல் மொழியையே உள்ளே வைத்தது. விஷுவல் பேசிக் ஃபார் அப்ளிகேஷன்ஸ், சுருக்கமாக விபிஏ. சித்தூர் ஆசிரியர் எழுதுவதும் நியூயார்க் வங்கி ஊழியர் எழுதுவதும் இதே மொழியில்தான்.

சிக்கல், ஷீட் ஊர் மாறும்போது ஆரம்பிக்கிறது.

ரூபாயை எழுத்தால் எழுதும் விவகாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். எந்த அரசு பில்லிலும் 79,300 என்று எழுதினால் மட்டும் போதாது; "எழுபத்தொன்பதாயிரத்து முந்நூறு மட்டும்" என்று எழுத்திலும் வேண்டும். நூற்றுக்கணக்கான பார்முலாக்களைத் தன்னுள் வைத்திருக்கும் எக்செலுக்கு இது ஒன்று தெரியாது. தாய்லாந்தின் பாட் நாணயத்தை மட்டும் தாய் மொழியில் எழுத்தாக எழுதத் தெரியும். அதற்கென்றே பாட்டெக்ஸ்ட் என்று ஒரு பார்முலா பல பதிப்புகளாக உள்ளேயே இருக்கிறது. ரூபாய்க்குக் கிடையாது. மைக்ரோசாப்ட் மாதிரிக்குக் கொடுக்கிற மேக்ரோவோ டாலரில், மில்லியன் கணக்கில் பேசும். ஆகவே லட்சத்துக்கும் கோடிக்கும் மாற்றிய மேக்ரோவை இங்குள்ளவர்கள் தாங்களே எழுதிக்கொள்கிறார்கள், அல்லது எழுதியவரிடம் வாங்கிக்கொள்கிறார்கள்.

சித்தூரில் ஒருவர் தன் கம்ப்யூட்டரில் இதைப் போட்டு வைத்திருக்கிறார். எந்த ஷீட்டைத் திறந்தாலும் வேலை செய்கிறது. அந்த ஷீட்டைத் திருப்பதிக்கு அனுப்புகிறார். எழுபது கிலோமீட்டர் தள்ளி ஷீட்டைத் திறந்தால், தொகை இருக்க வேண்டிய கட்டத்தில் 'நேம்' என்று எழுதிக் கேள்விக்குறி போட்டிருக்கிறது. "இப்படி ஒரு பெயரே எனக்குத் தெரியாதே" என்று எக்செல் கையை விரிக்கிறது. காரணம் எளிது. மேக்ரோ அந்த ஷீட்டுக்குள் இல்லை. சித்தூர் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது.

மேக்ரோவைச் சேமிக்கும்போது எக்செல் ஒரு கேள்வி கேட்கும்: எங்கே வைக்க? இந்தக் கோப்பிலேயா, பர்சனல் என்ற தனிப் பணிப்புத்தகத்திலா? பர்சனல் என்றால் எல்லா ஷீட்டிலும் வேலை செய்யுமே என்ற ஆசையில் பலரும் அதைச் சொடுக்கிவிடுகிறார்கள். அந்தப் பணிப்புத்தகம் விண்டோஸின் ஆழத்தில், எக்ஸ்எல்ஸ்டார்ட் என்ற ஒரு கோப்புறையில் போய் உட்கார்ந்துகொள்ளும். எக்செல் திறக்கிற போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் அதுவும் திறக்கும். ஆனால் ஷீட்டை அனுப்பினால் அது கூட வராது. வீட்டு அலமாரியில் இருக்கிற தோசைக்கல், கட்டிக்கொடுத்த மாவோடு போய்ச் சேராத மாதிரிதான். ஆட்-இன் என்று தனியாகச் செய்து வைத்தாலும் கதை இதேதான். அதையும் தனியே அனுப்பி, அங்கே ஒருவர் அதை நிறுவி டிக் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கட்டத்தைச் சொடுக்கும்போது, அனுப்பியவருடைய கம்ப்யூட்டரின் முழு முகவரியும் அவருடைய பயனர் பெயரோடு அங்கே நிற்கும்.

அடுத்த கண்டம் சேமிக்கிற இடத்தில். 2007 பதிப்பிலிருந்து எக்செல் கோப்பு இரண்டு ஜாதியாகப் பிரிந்தது. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று முடிந்தால் மேக்ரோ இருக்காது. எக்ஸ்எல்எஸ்எம் என்று முடிந்தால் இருக்கலாம். நடுவில் யாரோ ஒருவர் 'சேவ் ஆஸ்' போட்டு, வந்த எச்சரிக்கையைப் படிக்காமல் 'எஸ்' என்று தட்டிவிட்டால், மேக்ரோ முழுவதும் உதிர்ந்துபோகும். ஷீட் பார்க்க அப்படியே இருக்கும். பட்டன்கூட இருக்கும். அழுத்தினால் ஒன்றும் நடக்காது. அந்தக் கோப்புதான் அதன்பின் நாற்பது பேருக்குப் போகும்.

இது போக, கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் வேறுபாடுகள். பழைய 32 பிட் ஆபீசில் எழுதிய சில கட்டளைகள், 2010 பதிப்பு முதல் வந்த 64 பிட் ஆபீசில் ஒரு வார்த்தை சேர்க்காமல் ஓடாது. ஜெராக்ஸ் கடைகளில் விலையின்றிக் கிடைக்கிறது என்று டபிள்யூபிஎஸ் போட்டிருப்பார்கள். அதன் இலவசப் பதிப்பில் விபிஏ இல்லை. லிப்ரே ஆபீஸ் பாதி புரிந்துகொள்ளும். கூகிள் ஷீட்ஸுக்கு மொழியே வேறு. மொபைலில் உள்ள எக்செல் ஷீட்டைக் காட்டும், மேக்ரோவை ஓட்டாது. இன்றைக்குப் பெரும்பாலோர் கையில் இருப்பதோ மொபைல்தான். தேதி வேறு வம்பு. விண்டோஸ் அமெரிக்க வழக்கத்தில் அமைந்திருந்தால் 4/5/2022 என்பது மே நான்கு அல்ல, ஏப்ரல் ஐந்து. ஊதிய உயர்வு தேதி ஒரு மாதம் நகர்ந்தால் ஒரு மாத நிலுவையும் நகரும். எந்தப் பிழைச் செய்தியும் வராது, தொகை மட்டும் மாறியிருக்கும். 'நேம்' என்ற கேள்விக்குறியாவது வாய்விட்டு அழுகிறது. இது அழுவதுகூட இல்லை.

தாய்மொழி படும் பாடும் சொல்லத்தக்கது. சித்தூர், நகரி, சத்தியவேடு பக்கம் தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் ஊர்கள்; தமிழ் வழிப் பள்ளிகளும் உண்டு. ஷீட்டின் கட்டங்களில் இரண்டு மொழியையும் தாராளமாக எழுதலாம். ஆனால் மேக்ரோ எழுதுகிற ஜன்னலில் யூனிகோடு எழுத்து செல்லாது. "விவரத்தை நிரப்பவும்" என்று ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகள்தான் நிற்கும். அனுபவசாலிகள் வாக்கியத்தை ஒரு மறைவான ஷீட்டில் எழுதி வைத்து, மேக்ரோவை அங்கே போய் எடுத்துவரச் சொல்கிறார்கள். முப்பது ஆண்டுகளைத் தாண்டிய ஒரு மென்பொருள், கோடிக்கணக்கானோர் பேசும் மொழிகளுக்குக் கொல்லைப்புற வாசலைக் காட்டுவது மரியாதையாக இல்லை.

2022ஆம் ஆண்டு இந்த ஷீட்களுக்கு ஒரு சோதனைக் காலம். ஜனவரியில் ஆந்திர அரசு புதிய ஊதிய விகித உத்தரவுகளை வெளியிட்டது. ஊழியர்கள் 2019 ஜூலை முதல் 27 சதவீத இடைக்கால நிவாரணம் வாங்கி வந்தார்கள். உத்தரவில் நிர்ணயப் பலன் 23 சதவீதம். வீட்டு வாடகைப்படி விகிதமும் மாறியது. நின்றுபோயிருந்த அகவிலைப்படித் தவணைகளும் சேர்த்து விடுவிக்கப்பட்டன. ஏறுகிறதா, இறங்குகிறதா? அரசு ஏறுகிறது என்றது. சங்கங்கள் இறங்குகிறது என்றன. பிப்ரவரி 3ஆம் தேதி விஜயவாடாவில் ஊழியர்கள் பெருந்திரளாகக் கூடினார்கள். இரண்டு நாள் கழித்து உடன்பாடு வந்தது, வாடகைப்படி மறுபடி மாறியது. தனி ஆளுக்கு விடை தெரிய வேண்டுமென்றால் தன் அடிப்படைச் சம்பளத்தை எக்செல் ஷீட்டில் போட்டுப் பார்ப்பதுதான் கைக்கெட்டிய வழி. வாடகைப்படி ஊரின் மக்கள் தொகையைப் பொறுத்தது என்பதால், ஒரே சம்பளக்காரர்கள் இரண்டு பேருக்கு இரண்டு விடை. உத்தரவு மாற மாற ஷீட்டும் புதுப்பிக்கப்பட்டது; எந்தத் தேதியிட்ட ஷீட் யார் கையில் இருக்கிறது என்பதுதான் தகராறானது.

அந்த ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி ஆந்திராவின் 13 மாவட்டங்கள் 26 ஆயின. 1911இல் வட ஆற்காட்டையும் கடப்பையையும் வெட்டி உருவாக்கிய சித்தூர் மாவட்டம், 66 மண்டல்களோடு இருந்தது, மூன்றாக உடைந்தது. திருப்பதி தனி மாவட்டமாகி, நெல்லூரிலிருந்து கூடூர், சூளூர்ப்பேட்டை, வெங்கடகிரி பகுதிகளைச் சேர்த்துக்கொண்டது. மதனப்பள்ளி, பீலேர் பக்கம் அன்னமய்யா மாவட்டத்துக்குப் போனது. மேஜை நாற்காலி, பீரோ, பைல் எல்லாவற்றையும் பங்கு பிரித்தார்கள். எக்செல் ஷீட்டைப் பங்கு பிரிக்க முடியாது. நகல்தான் எடுக்க வேண்டும். மேக்ரோவுக்குள் மாவட்டப் பெயரையும் மண்டல் பட்டியலையும் கோப்புறை முகவரியையும் நேரடியாக எழுதி வைத்திருந்தால், எழுதிய ஆளைத் தேட வேண்டியதுதான். இந்தப் பகுதி கம்ப்யூட்டருக்குப் புதிதும் அல்ல. 2002இல் ஹியூலெட் பேக்கார்டு தன் ஐ-கம்யூனிட்டி திட்டத்தைக் குப்பத்தில்தான் ஆரம்பித்தது. 2011 நவம்பரில் மீ சேவா முதலில் தொடங்கியதும் சித்தூர் மாவட்டத்தில்தான்.

அதே பருவத்தில் மைக்ரோசாப்டும் ஒரு அணையைக் கட்டியது. இன்டர்நெட்டிலிருந்து இறக்கிய கோப்புகளில் மேக்ரோ இயல்பாகவே முடக்கப்படும் என்று 2022 பிப்ரவரியில் அறிவித்தது. ஜூலையில் ஒரு முறை பின்வாங்கி, அந்த மாதக் கடைசியிலேயே மறுபடி அமல்படுத்தியது. அதுவரை மேலே ஒரு மஞ்சள் பட்டை வரும். 'எனேபிள் கன்டென்ட்' என்பதைத் தட்டினால் ஓடும். "சார், அந்த மஞ்சளைத் தட்டுங்க" என்பதே வாட்ஸ்ஆப் குழுக்களின் நிரந்தர உபதேசம். இப்போது வருவது சிவப்புப் பட்டை, அதில் 'எனேபிள் கன்டென்ட்' இல்லை. எக்செலை மூடி, கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி, ப்ராப்பர்ட்டீசில் 'அன்பிளாக்' என்ற கட்டத்தில் டிக் செய்து, மறுபடி திறக்க வேண்டும். தெரியாதவர்களுக்கு ஷீட் கெட்டுப்போய்விட்டது என்றுதான் தோன்றும்.

இதில் ஒரு வேடிக்கை. கோப்பு இன்டர்நெட்டிலிருந்து வந்தது என்ற முத்திரையை விண்டோஸ் கோப்போடு ஒட்டி வைக்கிறது. கம்ப்யூட்டரின் வட்டில் அது ஒட்டும். கடைகளில் விற்கும் பெரும்பாலான பென் டிரைவ்களின் அமைப்பில் ஒட்டாது. ஆகவே ஈமெயிலில் வந்தால் சிவப்புப் பட்டை காட்டும் அதே ஷீட், பென் டிரைவில் கைமாறி வந்தால் பழைய மஞ்சள் பட்டையோடு திறக்கும். ஜெராக்ஸ் கடை பென் டிரைவ் எத்தனை கம்ப்யூட்டரைத் தொட்டுவிட்டு வந்திருக்கும் என்பது ஊரறிந்த விஷயம்.

மைக்ரோசாப்ட் இவ்வளவு கெடுபிடி செய்யக் காரணம் இருக்கிறது. சம்பளம் கணக்கிடத் தெரிந்த மேக்ரோவுக்குக் கோப்புகளை அழிக்கவும் தெரியும். 1995இல் வேர்டு கோப்புகளில் கான்செப்ட் வைரஸ் பரவியது. 1996இல் வந்த லாரூ எக்செலுக்கான வைரஸ். அது ஒளிந்துகொண்ட இடம் எது தெரியுமா? எக்ஸ்எல்ஸ்டார்ட் கோப்புறையில், பர்சனல் என்ற பெயரிலேயே. அங்கிருந்து, திறக்கிற ஒவ்வொரு ஷீட்டிலும் தன்னை நகலெடுத்துக்கொண்டது. சித்தூர் ஆசிரியரின் மேக்ரோ ஊரைத் தாண்டத் திணறியது. வைரஸ் அதே இடத்திலிருந்து உலகத்தையே சுற்றியது. 1999 மார்ச்சில் மெலிசா வந்து, பெரிய கம்பெனிகளையே ஈமெயிலை நிறுத்திவைக்கச் செய்தது. அதை எழுதிய டேவிட் ஸ்மித் அமெரிக்காவில் 20 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். பான் எண், வங்கிக் கணக்கு, சம்பளம் எல்லாம் நிரம்பிய ஷீட்டில், யார் எழுதியது என்று தெரியாத மேக்ரோவுக்கு அனுமதி கொடுப்பது சாவிக்கொத்தைத் திண்ணையில் வைப்பது போலத்தான்.

பழைய ஷீட் தரும் அடி வேறு. 2025 பிப்ரவரி 1ஆம் தேதி பட்ஜெட்டில், புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்ற அறிவிப்பு வந்தது. ஊழியர்கள் அந்த வாரம் போட்டுக்கொண்டிருந்ததோ 2024-25ஆம் நிதியாண்டின் கணக்கு, சலுகை 2025-26க்குத்தான். ஒருவருக்கு ஆண்டுச் சம்பளம் 12.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நிலையான கழிவு 75,000 போக 11.75 லட்சம். 2024-25 ஷீட்டில் வரி 76,250. 4 சதவீத செஸ் 3,050 சேர்த்து 79,300. அதே சம்பளத்துக்கு 2025-26 ஷீட்டில் வரி பூஜ்யம். போன வருட ஷீட்டில் பெயரை மட்டும் மாற்றிப் பட்டனைத் தட்டுகிறவருக்கு ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி காணாமல்போகும். ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம் என்றாலும், வீட்டுக் கடன் தவணை அதுவரை காத்திருக்காது.

நிலுவைத் தொகையில் இன்னும் சூட்சுமம். பல ஆண்டுகளுக்கான நிலுவை ஒரே ஆண்டில் வந்தால், அதனால் ஏறும் வரிக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 89ஆம் பிரிவில் நிவாரணம் உண்டு. அதற்கு ஒவ்வொரு பழைய ஆண்டின் வரி விகிதத்தையும் எடுத்து மறுபடி கணக்குப் போட வேண்டும். மேக்ரோ நிஜமாகவே வயிற்றில் பால் வார்ப்பது இந்த இடத்தில்தான். இங்கே ஒரு வரி தவறினாலும் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பெரிய இடங்களும் தப்பவில்லை. 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறை 15,841 கொரோனா நோயாளிகளை எண்ணிக்கையில் விட்டுவிட்டது. பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை என்பதுதான் காரணம். அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களுக்குத் தகவல் போவதும் தாமதமானது.

விவரம் தெரிந்தவர்கள் சில பழக்கங்களைக் கைக்கொள்கிறார்கள். மேக்ரோவைப் பர்சனலில் வைக்காமல் ஷீட்டுக்குள்ளேயே வைப்பது. கோப்புறை முகவரியை எழுதாமல், ஷீட் இருக்கிற இடத்தை ஷீட்டையே கேட்கச் செய்வது. வரி விகிதத்தை மேக்ரோவுக்குள் புதைக்காமல் வெளிப்படையான ஒரு பக்கத்தில் வைப்பது. பதிப்புத் தேதியை முகப்பில் பெரிதாகப் போடுவது. அலுவலகக் கம்ப்யூட்டரில் நம்பகமான இடம் என்று ஒரு கோப்புறையை எக்செலில் குறித்து, எழுதியவரிடமிருந்து நேரே வாங்கிய கோப்பை மட்டும் அதில் போடுவது. முடிந்த இடத்தில் மேக்ரோவே இல்லாமல் பார்முலாவில் முடிப்பது இன்னும் உத்தமம். சிலர் அப்படி மாறியும் வருகிறார்கள். பார்முலா மட்டும் உள்ள ஷீட்டுக்கு மேக்ரோவைத் தடுக்கும் மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை.

பலர் விடாமல் பிடித்திருப்பது பாஸ்வேர்டை. மேக்ரோவைப் பூட்டி வைப்பதற்கு அவர்கள் பக்கம் நியாயம் உண்டு: பூட்டாவிட்டால் யாரோ ஒருவர் எழுதியவர் பெயரை அழித்துத் தன் பெயரைப் போட்டு மறுநாளே உலவவிடுகிறார். ஆனால் பூட்டியவர் ஓய்வு பெற்றாலோ, ஆர்வம் போனாலோ, ஷீட் அப்படியே நின்றுவிடுகிறது. ராப்பகலாக உழைத்தவருக்கு ஒரு நன்றி வரியைக்கூட விட்டுவைக்காதவர்கள்தான் இதில் முதல் குற்றவாளிகள்.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் நாடாளுமன்றம் புதிய சட்டம் நிறைவேற்றியது. அமல் தேதி 2026 ஏப்ரல் 1. ஆசிரியர்கள் மனப்பாடமாகச் சொல்லும் 80சி அதில் 123ஆம் பிரிவு. ஷீட்டின் தலைப்புகளில், படிவங்களில், மேக்ரோவின் வரிகளில் 80சி எத்தனை இடத்தில் இருக்கிறது என்று தேடி மாற்ற வேண்டும், பாஸ்வேர்டு தெரிந்தவர்கள்.